என் தலையிலிருந்து ஒட்டியது

நம் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் உங்கள் வீட்டில் எத்தனை சீப்பு இருந்தது? எனக்குத் தெரிந்து எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அம்மா, அக்கா, தங்கை, விருந்துக்கு வந்த சித்தி எல்லோர் தலையிலும் அதுவே ஓடும். பல்லிடுக்கில் சிக்கிய முடியை உருவி, விரலில் சுற்றி, ஜன்னல் கம்பியோரம் செருகிவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு மட்டும் பத்து வயதிலிருந்து தனிச் சீப்பு. தனித் துண்டு, தனித் தலையணை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். என் சீப்பை வேறு யாராவது கையில் எடுத்தால் ஓடிப்போய்ப் பறித்து வைத்துவிடுவேன். இதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பு. சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட முடியாது. புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து வந்து படியும். ஊருக்கெல்லாம் மேலேயிருந்து கறுப்பு விழுந்தது என்றால் என்னிடமிருந்து வெள்ளை விழுந்தது.

நான்காம் வகுப்பு படிக்கும்போது அது ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் அரிப்பு. பிறகு உச்சியில் திட்டாகத் தடித்து, அதன்மேல் வெள்ளையாக அடுக்கடுக்காய் ஏறியது. கரும்பில் கணுவுக்குக் கீழே வெள்ளை மாவு படிந்திருக்குமே, நகத்தால் சுரண்டினால் உதிருமே, அதுபோல் உதிரும். ஆனால் கரும்பை எவ்வளவு சுரண்டினாலும் ஒன்றுமில்லை. என் தலையில் ஒரு செதிலைப் பிய்த்தால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் பூக்கும். எங்களிடம் அதற்கு இருந்தது ஒரே சொல்: பொடுகு. எல்லாத் தலையிலும் வருவதும் பொடுகு, என் தலையில் இருந்ததும் பொடுகு. எனக்கு ஜாஸ்தி, மற்றவர்களுக்குக் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தோம்.

வெந்தயம் அரைத்துத் தேய்த்தார்கள். புளித்த தயிர் தேய்த்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து வைத்துத் தேய்த்தபோது நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் மாவு மில்லு. ‘இன்னாடி, இன்னிக்கு எத்தினி படி அரைச்ச?’ என்று ஒருத்தன் தினமும் கேட்பான். சட்டையின் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் வகுப்புக்குள் நுழைவேன். டீச்சர் என்னைக் கடைசி வரிசையின் ஓரத்துக்கு மாற்றினார். கரும்பலகை சரியாகத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த நாட்களில் என் தலையைத் தொட்டவள் அக்கா ஒருத்திதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தேங்காயெண்ணெயைக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டிச் சூடேற்றி, விரல் நுனியில் தொட்டு, திட்டுத் திட்டாக வைப்பாள். ஊறட்டும் என்று ரொம்ப நேரம் விட்டுவிடுவாள். நகம் படாது. ‘பிய்க்கக் கூடாதுடி. தானா வரணும்’ என்பாள். பிறகு அரப்புத்தூள் போட்டு, சீப்பின் முதுகால் மெதுவாக நீவினால் செதில்கள் நோகாமல் கழன்று வரும். எங்கே அரிக்கிறது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. அவள் விரல் அங்கே போய் நிற்கும். இவ்வளவு தெரிந்தவள் என் அக்கா என்று எனக்குப் பெருமை.

அக்காவின் தலையை யாரும் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாள். காதை மூடுகிற மாதிரி தழையத் தழையப் பின்னி, ஒரு காதிலிருந்து மறு காதுவரை கனகாம்பரம் வைப்பாள். அழகுக்கு என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அக்காவுக்குத் தியாகதுருகத்தில் இடம் அமைந்தது. கடை வைத்திருந்த குடும்பம். சித்திரையில் பூ வைப்பது, வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. கல்யாணத்தன்று மணவறையில் அக்காவுக்குப் பக்கத்தில் தோழியாக நான்தான் உட்காருவேன் என்று அக்காவே சொல்லியிருந்தாள். அதற்கென்று கள்ளக்குறிச்சியில் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்தார்கள். பெட்டியைத் திறந்து திறந்து அதை முகர்ந்து பார்ப்பேன். புதுத் துணியும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை.

எங்கள் வகையறாவில் பூ வைப்பது என்றால் ஒரு முழத்தைச் செருகிவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் பின்னலை அவர்களே அவிழ்ப்பார்கள். அவர்கள் கொண்டு வந்த எண்ணெயைத் தொட்டு வைத்து, அவர்கள் கொண்டு வந்த சீப்பால் வாரி, புதிதாகப் பின்னிப் பூ வைப்பார்கள். பெண் இனி அவர்கள் வீட்டுப் பெண் என்று அர்த்தம். சவுரி வைத்திருக்கிறாளா, பேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கும் அதுதான் வழி.

அன்று நான் அடுக்களை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பின்னலை அவிழ்த்து, எண்ணெய் தொட்ட விரலை உச்சியில் வைத்தார். பிறகு காதோரம் முடியை ஒதுக்கினார். அவர் கை நின்றது. குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணைக் கண்ணால் அழைத்தார். அவரும் குனிந்தார். அக்காவின் கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

அம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, சின்னவளுக்குத் தலையில் பொடுகு ஜாஸ்தி, இரண்டு பேரும் ஒரே பாயில் படுக்கிறதுகள், அதிலிருந்து பெரியவளுக்கும் லேசாக ஒட்டிக்கொண்டது, சின்னவளைப் பிரித்துப் படுக்க வைத்தால் இரண்டு வாரத்தில் போய்விடும் என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் போனேன். என் தலையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் குனியவைத்து வகிடெடுத்துக் காட்டினாள். அத்தனை பெண்களும் என் தலைக்குமேல் குனிந்தார்கள். அவர்களுடைய ஜவ்வாது வாசனையும் வெற்றிலை மூச்சும் என் கழுத்தில் பட்டன. பெரியவள் தலையில் இருந்தது கொஞ்சம். என் தலையில் இருந்தது வண்டி வண்டியாக. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவர் இல்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் சொன்னார். “பாவம், கொழந்த. ஆனா இத்த மொதல்ல வேற எங்கனாச்சும் வுட்டு வையிங்க. கல்யாணம் முடியறவரைக்கும் பொண்ணுகிட்ட அண்ட வுடாதீங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வேறு பக்கம் முடியைத் தள்ளிப் பின்னி, பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மொட்டை போட ஆள் வந்தார். மொட்டை போட்டால் மருந்து இறங்கும் என்று அப்பா சொன்னார். அப்பாவின் இரண்டு முழங்கைகளிலும் வெள்ளையாகத் தடித்திருக்கும். வண்டிச் சட்டத்தில் ஊன்றி ஊன்றி வந்த காய்ப்பு என்று அவரே சொல்லுவார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அந்த முழங்கைகளால் என்னை இடுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மழிக்கக் கொடுத்தார். செதில்மேல் கத்தி போனபோது ரத்தம் வந்தது. மழித்தவர் பயந்துபோய்ப் படிகாரத்தைத் தேய்த்தார். அக்கா உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கடை வைத்திருந்தார். மலை ஆட்களிடம் கடுக்காயும் புளியும் வாங்கிக் கீழே அனுப்புவார். அவர் வந்து என்னைக் கூட்டிப்போனார். வைத்தியம் முடிந்ததும் கல்யாணத்துக்கு முன்னால் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. பச்சைப் பாவாடையை நானே பையில் வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் மலை ஏற ஆரம்பித்தபோது காற்று என் மொட்டைத் தலையில் நேராகப் பட்டது. பின்சீட்டுக் கிழவர் ஒருவர் எந்தக் கோயிலில் முடியிறக்கினீர்கள் என்று மாமாவைக் கேட்டார். மாமா ஒரு கோயிலின் பெயரைச் சொன்னார்.

மலையில் எனக்கென்று தனித்தட்டு, தனிப்பாய். மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மாதிரிதான். ஆனால் என் துணியைக் குச்சியால் எடுத்துத்தான் வாளியில் போடுவார். கடையின் பின்கட்டில் கடுக்காய் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அந்தத் துவர்ப்பு வாசனையில்தான் எனக்குப் படுக்கை. இன்றும் நாட்டுமருந்துக் கடையைத் தாண்டும்போது அந்த மொட்டைத் தலை எனக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. எண்ணெய் செய்வது. அத்தையும் நானும் போய் வெட்பாலை இலை பறிப்போம். கத்தி படக் கூடாது, கையால்தான் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்தில் பால் சொட்டும். இலையைப் பிய்த்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தேங்காயெண்ணெயை ஊற்றி வெயிலில் வைப்போம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு எண்ணெய் மெல்ல மெல்ல ஊதாவாக மாறும். நாவற்பழச் சாறு மாதிரி. பச்சை இலையிலிருந்து ஊதா எப்படி வந்தது என்று நான் பாட்டிலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அதை என் தலையில் தடவி, காலை வெயிலில் உட்காரவைப்பார்கள். திட்டுகள் மெலிந்தன. அரிப்பு விட்டது. அரிப்பில்லாமல் தூங்குவது எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் நாங்கள் செய்த எண்ணெயில் பெரும்பகுதி என் தலைக்கு வரவில்லை. மாமா கீழே போகும்போதெல்லாம் ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார். யாருக்கு என்று கேட்டேன். “நீ வூட்டுக்குப் போனப்புறம் வச்சிக்க வேணாமா? அதுக்குத்தான் சேர்த்து வைக்கிறாங்க” என்றார் அத்தை. எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசி பிறந்து கல்யாணம் நெருங்கியபோது என் தலை சுத்தமாக இருந்தது. முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. அதன் கீழே லேசான சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. மாமா முன்னால் போய்க் குனிந்து நின்று காட்டினேன். அவர் தடவிப் பார்த்தார். சரியாகப் போய்விட்டது என்று அவர் வாயாலேயே சொன்னார். எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டேன். நாளைக்கு மறுநாள் என்றார். நான் பாவாடையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது கடை பூட்டியிருந்தது. மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சாமைச் சோறு கொண்டு வந்தார். அவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், திரும்பும் வரை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

நான் பாவாடையைக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பட்டுப் பாவாடையும் முள்ளுத் தலையுமாக ஒரு பெண் தனியாக ஏறுவதைப் பார்த்து கண்டக்டர், கூட வருவது யார் என்று கேட்டார். யாருமில்லை, அக்கா கல்யாணம், நான்தான் பக்கத்தில் உட்காரணும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இறக்கிவிட்டு, பக்கத்து டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அதன் சத்தம் கீழே ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கேட்டது.

மாமா ஒரு பை நிறைய அதிரசமும் முறுக்கும் கொண்டு வந்தார். பஸ்ஸில் கூட்டம், உனக்கு ஒத்துக்காது என்று விட்டுவிட்டுப் போனோம் என்றார். நான் அதிரசத்தைத் தின்றேன். பசித்தது, தின்றேன்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது வீட்டுக்கு வந்தேன். அக்கா படுத்திருந்த மூலையில் நான் மலையில் கையால் கிள்ளி, வெயிலில் வைத்து, ஊதாவாக்கி அனுப்பிய பாட்டில்கள் இருந்தன. எல்லாம் காலி. அக்காவின் தலையணை உறையில் ஊதாக் கறை. என் நோய் அக்காவுக்கு ஒட்டியதால் என் மருந்தை அவள் போட வேண்டியதாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். பத்து வயதுக்கு அதற்குமேல் என்ன புரியும்? அம்மாவின் பின்னால் போய் நின்று, இனிமேல் நான் தனியாகவே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. சரி என்றுதான் சொன்னாள்.

அக்கா தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் பிரியமாகப் பேசுவாள். துணி வாங்கி வருவாள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என் தலையைத் தொட்டதில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது. கல்லூரி ஹாஸ்டலில் எனக்கென்று தனி பக்கெட் வாங்கிக்கொண்டேன். கல்யாணமான புதிதில் என் தலையணையை நகர்த்தி வைத்துப் படுத்ததை என் கணவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வருத்தப்பட்டார். அவரிடம்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை. சில வருடம் அது முழுக்க அடங்கியிருக்கும். பரீட்சை, சாவு, பனிக்காலம் என்று ஏதாவது வந்தால் திரும்பி வரும். வந்தால் மூடிக்கொள்வேன்.

போன வருடம் என் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தலையில் ஏதோ இருக்கிறது, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள், காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து ரெட்டைச் சடையை அவிழ்த்தேன். நெற்றி ஓரத்தைத் தாண்டி இறங்கியிருந்தது. வெள்ளையாக, அடுக்கடுக்காக. அவள் எத்தனை நாளாக மறைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் இவளுக்கும் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ‘அய்யோ பாவம்’ என்றாள் அக்கா.

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் மகளிடமே பேசினார். தூள் தூளாக உதிர்ந்தால் சாதாரணப் பொடுகு. மஞ்சளாகப் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு, கைக்குழந்தைகளுக்கும் வரும், தானாகப் போய்விடும். வட்டமாக முடி ஒடிந்து போயிருந்தால் அது பூஞ்சைப் படை, அதுதான் ஒட்டும். இது இப்படிச் சிவந்து தடித்து, மேலே வெள்ளி மாதிரிச் செதில், காதுக்குப் பின்னால், நெற்றி ஓரம், சில பேருக்கு முழங்கை, முழங்கால். இதற்குச் சொரியாசிஸ் என்று பெயர். பிய்க்கக் கூடாது, மழிக்கத் தேவையில்லை, எண்ணெய் வைத்து ஊறவிட்டு, எழுதித் தருகிற தார் ஷாம்புவைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அலச வேண்டும். முழுக்கப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒட்டுமா என்று கேட்டேன். ஒட்டாது என்றார். சீப்பு, தலையணை என்று ஆரம்பித்தேன். எதிலும் ஒட்டாது, குடும்பத்தில் வருவது என்றார். நான் விடவில்லை. எங்கள் அக்காவுக்கு என்னிடமிருந்து ஒட்டியது டாக்டர் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். “அவங்களுக்கும் இருக்கா? அப்ப அவங்களுக்கு அவங்களுக்காக வந்ததுமா. உங்க கிட்டருந்து போகல.”

அதே வாரம் அம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தொடுகிற வயது. முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். குடும்பத்தில் வருவதாம், யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்டார்கள் என்றேன். அம்மா மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்கப்பாவுக்கு முழங்கையில இருந்துச்சே, அது அதான்னு சொன்னாங்க பின்னால. அப்புறம் உங்க அக்காளுக்கு. மொதல்ல அவளுக்குத்தான. நீ அப்ப மூணு வயசுப் புள்ள.”

நான் திரும்பக் கேட்டேன். அம்மாவின் கை அப்போதுதான் நின்றது.

“அப்ப ஏம்மா என்னாலன்னு சொன்ன?”

“பின்ன இன்னா சொல்றது? பொண்ணுக்கே வியாதின்னு சொன்னா அங்கியே எழுந்து போயிருப்பாங்க. ஒட்டினதுன்னு சொன்னா போயிடும்னு அர்த்தம் இல்ல? அவதான் பூ வைக்கிறதுக்கு மொத நாளே அழுதா. அவிழ்த்துப் பாத்தா இன்னா பண்றதுன்னு. தங்கச்சி மேல சொல்லிடலாம்மான்னு அவதான் சொன்னா.” உரித்த தோலை ஒதுக்கினாள். “நீ சின்னப் புள்ள. மறந்துடுவன்னு நெனச்சோம்.”

அவர்கள் மறந்துவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூடத்தில் அவர்கள் முன்னால் அம்மா வாயில் சட்டென்று வந்த பொய் என்றால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். முதல் நாளே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்கு எங்கே அரிக்கும் என்று அக்காவின் விரலுக்கு எப்படித் தெரிந்தது என்பது பஸ்ஸில் வரும்போது புரிந்தது. அவள் தலையில் எங்கே அரித்ததோ அங்கேதான் என் தலையில் தொட்டாள். அவள் எனக்குச் செய்ததில் பொய்யில்லை. அந்த ஒரு வருடத்தில் என்னைத் தொட்ட ஒரே கை அது. அதே கைதான் என்னைக் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்கா வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு தியாகதுருகம் போனேன். அக்காவின் மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகளும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் அக்காவும் வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு முடி கொட்டிவிட்டது. ஆனாலும் காதை மூடித்தான் வாரியிருந்தாள். என் மகள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் சடையைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

மருமகள் என்னிடம் குழந்தையின் உச்சந்தலையைக் காட்டினாள். மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பொருக்கு. “சின்னத்த, இதப் பாருங்களேன். குளிப்பாட்டினாலும் போவ மாட்டேங்குது. இன்னான்னே தெரியல.”

கைக்குழந்தைகளுக்கு வரும் என்று டாக்டர் சொன்னது அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறப்பதற்குள் அக்கா பேசினாள். கோபமே இல்லை. நல்லதுக்குச் சொல்கிற குரல்.

“போன மாசம் வந்தப்பவும் இந்தப் பொண்ணுதான தூக்கி வச்சிக்கினு இருந்துச்சு. அது தலையில இருக்குதே, அதுலருந்து ஒட்டிக்கினு இருக்கும். புள்ளய நீ வாங்கிக்கோம்மா.”

மருமகள் குனிந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். என் மகளின் கைகள் குழந்தை இருந்த வடிவத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ தப்பு செய்துவிட்டதை இப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரி.

வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் பேசிப் பார்த்த எதுவும் அப்போது வரவில்லை.

“உனக்கு எப்பலருந்துக்கா?” என்றேன்.

“எனக்கு இன்னா?”

“தலையில.”

அக்கா லேசாகச் சிரித்தாள். “நீ குடுத்ததுதான. அது போயே பூடுச்சு.”

“எனக்கு மூணு வயசுலயே உனக்கு இருந்துச்சாம். அம்மா சொல்லிடுச்சு. என்மேல போட்டாச்சு, சரி. நான் கேக்காம இருந்துட்டேன். எம்பொண்ணு மேலயும் போடாத.”

அக்கா முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். மறுக்கவில்லை. மருமகள் மாமியாரைப் பார்த்தாள். முந்தானையைப் பார்த்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அக்கா பக்கத்திலிருந்து ஓர் அடி நகர்ந்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். அந்த ஓர் அடிக்குப் பயந்துதான் இத்தனை வருடமும் காதை மூடி வாரியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒட்டாது என்ற ஒரு சொல் என் வாயில் இருந்தது. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று இருந்தது.

என் மகள்தான் சொன்னாள். “ஒட்டாது அண்ணி. டாக்டர் எங்கிட்டயே சொன்னாங்க. எனக்கு இருக்கறதும் ஒட்டாது, பெரிம்மாவோடதும் ஒட்டாது. பாப்பாவுக்கு இருக்கறது வேற, அதுவா போயிடும். எண்ணெ வச்சி ஊறவுட்டாப் போதும்.” பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். “பெரிம்மா, அந்த ஷாம்பு பேரு வேணும்னா நான் சொல்றேன்.”

அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மருமகளுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. குழந்தையை யாரிடமும் கொடுக்காமல், தானும் வைத்துக்கொள்ளாமல், எல்லோருக்கும் நடுவே பாயில் கிடத்தினாள்.

அது கையைக் காலை உதைத்துவிட்டு அழ ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவள் அக்காதான். அவள் கைகள் நீண்டன. பாதியில் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றன. பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகளை முதல்முதலாகக் கொண்டுவந்து நீட்டியபோது நான் அப்படித்தான் கையை இழுத்துக்கொண்டேன். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா தன் கைகளை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

என் மகள் முழங்காலால் நகர்ந்து போய்க் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். மருமகள் தடுக்கவில்லை.